வானுக்குள் சாப்பிடும் பிள்ளைகள்

 

பள்ளிக்கூட விடுமுறை வருகிறது. விருந்தாளிகள் வரத் தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டிய ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். பதிவு நீளம். கோபம் வருகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

விடுமுறை தொடங்கினால் நெல்லியடிச் சந்தியில் வான்கள் கூடிவிடும். கொடிகாமத்தில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பி வரணி வழியாக வருகிறவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வெளிச்சவீடு பார்க்கப் போகிறவர்களும் இங்கேதான் நிறுத்தி இளைப்பாறுகிறார்கள். அவர்களில் புத்தளத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வருகிற எங்கள் ஆட்களும் உண்டு. பகல் ஒரு மணிக்கு அந்த வான்களில் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆண்கள் இறங்கிக் கடைக்குள் போவார்கள். மின்விசிறிக்குக் கீழே கதிரை, மேசை, சுடச்சுடச் சோறு. அரை மணித்தியாலம் கழித்துப் பல்லைக் குத்திக்கொண்டு வெளியே வரும்போது கையில் நாலைந்து பார்சல் இருக்கும். அது வானுக்குள் இருக்கிற பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்.

இது அநியாயம். இதை மார்க்கம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், சிக்கனம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்ள எங்களால் முடியாது.

வானுக்குள் என்ன நடக்கிறது என்று இறங்கிப் போனவர்களுக்குத் தெரியாது. எஞ்சினை நிறுத்தினால் ஏசி இல்லை. ஓகஸ்ட் வெயிலில் தகரம் கொதிக்கும். மடியில் ஒன்றரை வயது, பக்கத்தில் நாலு வயது, ஜன்னலோரம் ஏழு வயது. பார்சலைப் பிரித்து வைக்க மடியை விட்டால் வேறு இடம் கிடையாது. பருப்பு ஒரு பையில், குழம்பு இன்னொரு பையில். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டும். ஒன்று கட்டாயம் ஆசனத்தில் கொட்டும், சாரதி முகத்தைச் சுளிப்பார். ஜன்னலால் கையை நீட்டிப் போத்தல் தண்ணீரில் கழுவ வேண்டும். கோழிக்கறி உறைப்பு. சின்னது அழும், அதன் வாயை அடைக்க ஒரு சோடா வரும். 2016இலிருந்து இந்த நாட்டில் சோடாப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடையாளம் போடுகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் சிவப்பு என்றால் விளங்கும். ஆனாலும் அழுகிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது அந்தச் சிவப்பைத்தான்.

உம்மா கடைசியாகச் சாப்பிடுவார். சில வேளை சாப்பிடவே மாட்டார். கழிப்பறை தேட வேண்டி வரும் என்று சுபஹுத் தொழுகையிலிருந்து தண்ணீரும் குடித்திருக்க மாட்டார். இப்படி ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுத்த நாள் தலையிடி என்று படுத்தால், 'பயணம் ஒத்துக்கொள்ளவில்லை' என்பார்கள்.

விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளிடம் போய் வந்த இடத்தைப் பற்றி எழுதச் சொல்கிற வழக்கம் எல்லாப் பாடசாலையிலும் உண்டு. ஆசிரியர்களுக்கு இது தெரியும்: வெளிச்சவீட்டுக்கு ஒரு வரி, கடலுக்கு இரண்டு வரி, மிச்சமெல்லாம் சாப்பாடு. என்ன தின்றோம், யார் வாங்கித் தந்தார், எது சிந்தியது, தம்பி எங்கே சத்தி எடுத்தான். பெரியவர்களுக்குப் பயணம் என்பது இடம். பிள்ளைக்கு அது பெரும்பாலும் அந்த ஒரு வேளைச் சாப்பாடு. அந்த ஒரு வேளையைத்தான் பிள்ளைகள் வானுக்குள் தின்கிறார்கள்.

"பொம்பிளைப் பிள்ளையள் நாலு பேர் பார்க்கக் கடையில இருந்து வாயசைக்கிறதா?" என்று கேட்கிற காக்காமாருக்கு ஒரு கேள்வி. அதே ராத்தா மந்திகை ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாவே, அங்கே நாலு பேர் இல்லையா? பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு வருகிறாவே, வங்கியில் நிற்கிறாவே, சந்தையில் மீன் பேரம் பேசுகிறாவே? சிரமம் என்றால் வெளியே வரலாம், ஒரு மேசையில் ஆறுதலாக இருந்து சோறு தின்ன மட்டும் வெட்கம் வந்துவிடுமா? முகம் மூடுகிற சகோதரிகளுக்குச் சுவரைப் பார்த்த ஒரு மூலை மேசை போதும். கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. கேட்க வேண்டிய வாய் வாப்பாவுடையது.

பிள்ளைகள் கடையில் சிந்துவார்கள், சத்தம் போடுவார்கள், மானம் போகும் என்பது அடுத்தது. உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்கள் சிறுவராக நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்தவர். நபியவர்களோடு சாப்பிடும்போது அந்தச் சிறுவரின் கை தட்டு முழுக்க அலைந்தது என்று ஹதீஸில் இருக்கிறது. 'போய்த் தனியாகச் சாப்பிடு' என்று அவரை எழுப்பி விடவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்வது, வலக்கையால் உண்பது, தனக்கு முன்னால் இருப்பதை எடுப்பது ஆகிய மூன்றையும் அந்த இடத்திலேயே, அந்தத் தட்டிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். மதரஸாவில் எங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற உணவு ஒழுங்குகள் சிந்திக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்குப் பெரியவர்களோடு இருக்கும்போது சொல்லப்பட்டவை. ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருக்கிற சமூகம் நாங்கள். பிள்ளையைச் சாப்பாட்டிலிருந்து ஒதுக்குவதை எங்கே படித்தோம்?

பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்லை. துஆ ஓதிக்கொள்ளுங்கள்.

சிக்கனம் என்கிறார்கள். 2022க்குப் பிறகு குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவது எவ்வளவு பாரம் என்று எங்களுக்கும் தெரியும், சம்பளத்தில் வாழ்கிறவர்கள்தான். ஆனால் பார்சல் எங்கே மலிவு? இருந்து சாப்பிட்டால் சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போடுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு தட்டில் உம்மாவும் சின்னதும் சாப்பிட்டு எழும்பலாம். பார்சலுக்கு இரண்டாம் தரம் கிடையாது, பெட்டிக்குக் காசு வேறு. வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டு வருவது நல்லதுதான், மணற்காட்டுச் சவுக்கு நிழலில் பாய் விரித்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டால் அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் அதற்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழும்புவது யார் என்பதையும் கணக்கில் சேருங்கள். அவவுக்கும் அன்றைக்கு விடுமுறைதான்.

இனி ஹலால். இதுதான் பெரிய சாட்டு, இதில் நியாயமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

வடமராட்சியில் நாங்கள் சிறு தொகை. எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக்கடை சந்திக்குச் சந்தி கிடையாது. இறைச்சி விஷயத்தில் பேணுதல் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் இறைச்சி இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டால் என்ன? இந்தக் குடாநாட்டைப் போலச் சைவக் கடை நிறைந்த இடம் இலங்கையில் வேறெங்கே இருக்கிறது? இட்டலி, தோசை, இடியப்பம், புட்டு, வாழையிலைச் சோறு. சைவக்காரர் தங்கள் பேணுதலுக்காக இறைச்சியை உள்ளே எடுக்காமல் வைத்திருக்கிற அடுப்பு எங்கள் பேணுதலுக்கும் உதவுகிறது. அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதானே. திருநெல்வேலியில் மாகாண விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' இருக்கிறது. பெண்கள் எங்கள் கண்முன்னே சுட்டும் அவித்தும் கொடுக்கிறார்கள், மரக்கறி உணவுதான், விலையும் கையைக் கடிக்காது. தோசைக்கல்லைப் பார்த்தபடி நின்றால் பிள்ளை அழவே மறந்துவிடும்.

மச்சக் கடை என்றால் கேளுங்கள். மீனுக்கு அறுவை இல்லை, கடல் பக்கத்தில் இருக்கிறது. இறைச்சிக் கறிக்கும் மீன் கறிக்கும் அகப்பை வேறா, பொரிக்கிற எண்ணெய் வேறா, கடையில் பியர் விற்கிறார்களா. மூன்று கேள்வி. மரியாதையாகக் கேட்டால் முதலாளிமார் சொல்கிறார்கள். "அண்ணை, நாங்கள் முஸ்லிம் ஆக்கள், மரக்கறிக்கு வேற அகப்பை போடுவியளா?" என்றால் "ஓம் தம்பி, இருங்கோ" என்பார்கள். பதில் திருப்தி இல்லையென்றால் எழும்பி அடுத்த கடைக்குப் போங்கள். கேட்காமலே சந்தேகப்படுவதும், அந்தச் சந்தேகத்தைக் குடும்பக் குழுவில் குரல்பதிவாகப் பரப்புவதும் பேணுதல் ஆகாது.

ஆண்கள் உள்ளே இருந்து சாப்பிட்ட அதே சட்டிச் சோறுதான் பார்சலாக வானுக்கு வருகிறது என்பதையும் கவனியுங்கள். வாப்பாவின் தட்டில் ஹலாலானது உம்மாவின் மேசையில் எப்படி ஹராமாகும்?

சமையலறையைப் பற்றிப் பரப்பும் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில், கறிக்குள் கிடந்த கட்டியைக் காட்டி மலட்டு மாத்திரை என்று சத்தம் போட்டார்கள். கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரசாங்கப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்தது, அது மாவுக்கட்டி. மனிதரை நிரந்தரமாக மலடாக்குகிற அப்படி ஒரு மாத்திரையே கிடையாது என்று மருத்துவர்கள் சொல்லிக் களைத்தார்கள். அடுத்த வருடம் ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பிறகு 'முஸ்லிம் கடையில் சாப்பிடாதே' என்ற பேச்சு நாடு முழுக்கப் போனது. கண்டி, குருநாகல் பக்கம் எத்தனை சின்னக் கடைகளின் அடுப்பு அணைந்தது. அந்த நெருப்பில் வெந்தவர்கள் அடுத்தவன் அடுப்பைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசலாமா?

கடைக்காரருக்கும் சொல்ல இருக்கிறது. எந்த மதமானாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் பொது.

நெல்லியடியிலிருந்து பருத்தித்துறை வரைக்கும், ஏன் யாழ்ப்பாண நகரத்திலும், சாப்பாட்டுக்கடை என்பது இரண்டு வேலையாட்கள் வந்து பத்து நிமிடத்தில் தின்றுவிட்டுப் போவதற்காகக் கட்டியதுபோலவே இருக்கிறது. கைகழுவும் தொட்டி ஏழு வயதுப் பிள்ளையின் நெற்றி உயரத்தில். ஒரு மரப் பலகையைக் கீழே போட்டுவிட எவ்வளவு செலவு? சின்னப் பிள்ளைக்கு உயரக் கதிரை இல்லை, இரண்டு வாங்கி மூலையில் வையுங்கள், அதைக் கண்டாலே குடும்பம் உள்ளே வரும். 'பமிலி ரூம்' என்று பலகை தொங்கும். திரையை விலக்கினால் உள்ளே சோடாப் பெட்டி அடுக்கி வைத்திருக்கும், விசிறி ஓடாது, பக்கத்தில் கழிப்பறை. அந்தக் கழிப்பறைக்கும் பூட்டு. திறப்பு முதலாளியின் மேசை லாச்சியில், நாலு வயதுப் பிள்ளை அவசரத்தில் துள்ளும்போது முதலாளி வெளியே போயிருப்பார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சமையலறையைப் பார்க்கிற கண்ணால் இதையும் பார்த்தால் புண்ணியமாகப் போகும்.

சாப்பாட்டையும் சொல்லுவோம். யாழ்ப்பாணத்துச் சமையலில் பிள்ளைக்கென்றே ஒன்று எப்போதும் இருந்தது, சொதி. இடியப்பத்தை உதிர்த்துச் சொதி விட்டுப் பிசைந்தால் பல் முளைக்காததும் தின்னும். இப்போது மத்தியானம் கடையில் ஏறினால் கொத்து, பிரைட் றைஸ், டெவல். எல்லாவற்றிலும் மிளகாய், எல்லாவற்றிலும் சிவப்பு. "பிள்ளைக்கு உறைப்பில்லாமல் என்ன இருக்கு?" என்றால் "பிஸ்கட் இருக்கு" என்கிறார்கள். காலையில் வைத்த சொதியில் ஒரு சட்டியை மத்தியானத்துக்கும் வையுங்கள். அவித்த முட்டை வையுங்கள், கதலிப்பழம் வையுங்கள். சின்னவர்களுக்கு அரைத் தட்டு, அரை விலை என்று எழுதிப் போடுங்கள். முழுத் தட்டுக்குக் காசு வாங்கி முக்கால் தட்டைக் குப்பையில் கொட்டுவதில் உங்களுக்கும் லாபம் இல்லை.

இவ்வளவு சொல்லியும் இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். மற்ற ஊரில் என்றால் பரவாயில்லை. நெல்லியடியில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கக் கூடாது.

இந்தப் பகுதியில் கடை மேசைக்காக மனிதர் அடிபட்டிருக்கிறார்கள். ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்குத் தேநீர்க்கடைக்குள் இடமில்லாமல் இருந்த காலம். வெளியே நிற்க வேண்டும், நிலத்தில் குந்த வேண்டும், போத்தலிலும் பேணியிலும் சிரட்டையிலும் தேத்தண்ணி. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதன் பிறகு சங்கானையிலும் சாவகச்சேரியிலும் இந்த நெல்லியடியிலும் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. உள்ளே போய்க் கதிரையில் இருந்து, மற்றவர்கள் குடிக்கிற அதே கிளாசில் ஒரு தேத்தண்ணி கேட்டார்கள். அந்தக் காலத்தைத்தான் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் எழுதினார். பேத்தண்ணி ஒன்றின் பெறுமதி சில சதம். அந்த மக்கள் கேட்டது அதை யாரோடு, எங்கே இருந்து குடிக்கலாம் என்பதை.

அவர்கள் பட்ட பாட்டோடு எங்கள் வான் சாப்பாட்டைச் சமப்படுத்த வரவில்லை, அது பாவம். அவர்களை வெளியே நிறுத்தியது ஆதிக்கம். எங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் வெளியே இருத்துவது சொந்த வாப்பாவும் மாமாவும். கடைக்காரர் "பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்கிறார். "இல்ல, பார்சல் கட்டுங்க" என்கிறவர் எங்கள் ஆள். வேறு ஆட்கள் உயிரைக் கொடுத்துத் திறந்த கதவடியில் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டு நாங்கள் மட்டும் உள்ளே போவதற்கு என்ன பெயர் வைப்பது?

இன்னும் ஒன்று. இந்த வான்களில் வருகிறவர்கள் வெறும் சுற்றுலாக்காரர் அல்லர். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். அந்த மாதத்தின் கடைசி நாட்களில் வடக்கு முழுவதிலிருந்தும் 70,000க்கு மேற்பட்டவர்கள் உடுத்த உடுப்போடு போனார்கள், பெரும்பாலானவர்கள் புத்தளத்துக்கு. அன்றைக்கு உம்மம்மாவின் இடுப்பில் போன பிள்ளைக்கு இன்று வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளைதான் இன்று தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது. சோனகத் தெருவில் இறங்கி "இதுதான் எங்கட வளவு" என்று காட்டிவிட்டு, கோட்டையைப் பார்த்துவிட்டு, முனைக்குப் போய்க் கடல் பார்த்துவிட்டு, இரவோடு இரவாகத் திரும்புகிறார்கள். உறவினர் வீடு இல்லாதவர்களுக்கு ஒரு நாள்தான் ஊர்.

அந்த ஒரு நாளில் இந்த மண்ணின் மனிதரோடு பிள்ளை பேசுகிற ஒரே இடம் சாப்பாட்டுக்கடை. "தம்பி, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டே?" என்று ஒரு அம்மா கேட்பா. "எந்த ஊர் பிள்ளை?" என்பார் பக்கத்து மேசை ஐயா. எங்கள் பிள்ளை புத்தளத்துத் தமிழில் பதில் சொல்லும், அவர் சிரிப்பார், "அப்ப உங்கட அப்பப்பா இஞ்சயோ?" என்பார். ஒருவேளை அந்தக் காலத்துச் சோனகத் தெரு முடக்கொத்தனைப் பற்றியோ தையல்கடையைப் பற்றியோ ஏதாவது சொல்வார். எந்தப் பாடப்புத்தகத்திலும் நாங்கள் இதைப் படிப்பிக்க முடியாது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு வானுக்குள் சாப்பிட்ட பிள்ளைக்கு யாழ்ப்பாணம் என்பது கண்ணாடிக்கு வெளியே தெரிந்த ஒரு தெரு. பிறகு 'மீள்குடியேறுவோம், வாருங்கள்' என்று மேடையில் பேசினால் அந்தப் பிள்ளை எதை நம்பி வரும்?

இங்குள்ள தமிழ் உறவுகளிடமும் இதைக் கேட்கிறோம். பக்கத்து மேசையில் அபாயா போட்ட ஒரு தாய் நாலு பிள்ளைகளோடு வந்து இருந்தால் உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் கதிரையை ஒதுக்கிக் கொடுங்கள். பிள்ளை தண்ணீர்க் கிளாசைத் தட்டிவிட்டால் சிரியுங்கள். உங்கள் பிள்ளைகளும் தட்டிவிடுகிறவர்கள்தானே.

நிர்வாகிகளுக்கு: ஜும்ஆ முடிந்து அறிவித்தல் சொல்லும்போது, வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்களுக்குப் பள்ளியில் வுளூச் செய்யவும் பெண்கள் தொழவும் கழிப்பறைக்கும் வசதி இருந்தால் அதையும் சொல்லுங்கள். கடையில் இல்லாததைப் பள்ளி கொடுக்கலாம்.

வாசிக்கிறவர்களிடம் ஒரு உதவி. வடமராட்சியிலும் நகரத்திலும் பிள்ளைகளோடு போய் இருந்து சாப்பிட்ட நல்ல கடை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். நான்கு விவரம் போதும்: சைவமா மச்சமா, அகப்பை வேறா, கழிப்பறை திறந்திருக்கிறதா, சின்னவர்களுக்கு உறைப்பில்லாமல் என்ன கிடைக்கும். திட்டுவதற்காகக் கடைப் பெயர் எழுத வேண்டாம், அதை அந்த முதலாளியிடம் நேரே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பக்கமாக எழுதிப் புத்தளத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். முதல் வான்கள் சனிக்கிழமை வந்துவிடும்.